விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையும் கையால் செய்த மின்னணுக் கருவிகளும்

வீட்டிலோ கல்லூரி ஆய்வகத்திலோ கையால் செய்யப்பட்ட மின்னணுக் கருவி ஒன்றை விமானத்தில் எடுத்துச் செல்வதற்கு இந்தியாவில் பொதுவான தடை எதுவும் இல்லை. ஆயினும் பெட்டியில்லாத மின்சுற்றுப் பலகை, வெளியே தெரியும் வயர்கள், ஒட்டுநாடா சுற்றிய மின்கலம் ஆகியவை எக்ஸ்ரே திரையில் தெரிந்தவுடன் பை தனியே எடுத்து வைக்கப்படுகிறது. பல நேரங்களில் பயணி விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த எச்சரிக்கைக்குப் பின்னால் ஏறத்தாழ ஐம்பது ஆண்டு வரலாறு உண்டு. அதில் தமிழ்நாட்டுக்கு முக்கியமான இடம் இருக்கிறது. இந்தியாவின் பயணப் பெட்டிச் சோதனை முறைகள் இறுகத் தொடங்கிய காலத்தின் முதல் பெரிய வெடிப்பு நிகழ்ந்தது சென்னை மீனம்பாக்கத்தில்தான்.

திருவண்ணாமலையும் மீனம்பாக்கமும்

திருவண்ணாமலையில் விமான நிலையம் இல்லை. இங்கிருந்து வெளியூர்ப் போட்டிக்கோ வெளிநாட்டுக் கண்காட்சிக்கோ தம் கருவியுடன் புறப்படும் மாணவர் செஞ்சி, திண்டிவனம் வழியாகப் பயணம் செய்து மீனம்பாக்கத்தை அடைகிறார். ரமணாசிரமத்துக்கும் கிரிவலத்துக்கும் வரும் வெளிநாட்டவருள் பெரும்பாலோர் இறங்குவதும் சென்னையில்தான்.

ஆனால் பாதுகாப்புச் சோதனை இவ்வூருக்குப் புதியதன்று. கார்த்திகை தீப நாளில் அருணாசலேசுவரர் கோயில் வாயில்களில் மெட்டல் டிடெக்டர் சட்டங்கள் நிறுத்தப்படுகின்றன. வெடிகுண்டு கண்டறியும் பிரிவினரும் மோப்ப நாய்களும் வருகின்றனர். அனுமதியின்றி ட்ரோன் பறக்கவிடுவது தடுக்கப்படுகிறது. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருச்செந்தூர்க் கோயில் தொடர்பான வழக்கில், தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்க அறநிலையத்துறைக்கு உத்தரவிட்டது. அந்த உத்தரவு கோயிலின் தூய்மையையும் ஒழுங்கையும் கருதியது. வெடிகுண்டு அச்சத்தை முதன்மையாகக் கொண்டதன்று.

கோயில் வாயிலில் நிற்கும் காவலருக்கும் விமான நிலையத்தில் திரை பார்க்கும் வீரருக்கும் ஒரு பொதுவான சிக்கல் உண்டு. ஒவ்வொருவருக்கும் சில நொடிகளே கிடைக்கின்றன. அந்த நொடிகளில் ஒரு பொருள் எப்படித் தோற்றமளிக்கிறது என்பதைக் கொண்டே முடிவெடுக்க வேண்டும். அது யாருடையது, எதற்காகச் செய்யப்பட்டது என்பது அவருக்குத் தெரியாது.

பொம்மைத் துப்பாக்கியும் கிரிக்கெட் பந்தும்

இந்திய விமானப் பாதுகாப்பின் தொடக்கக் கவலை வெடிகுண்டு அன்று, கடத்தல். 1971 ஜனவரி 30 அன்று ஸ்ரீநகரிலிருந்து ஜம்முவுக்குச் சென்ற இந்தியன் ஏர்லைன்ஸின் 'கங்கா' விமானம் லாகூருக்குக் கடத்தப்பட்டது. கடத்தியவர்களிடம் இருந்தவை போலித் துப்பாக்கியும் மரத்தால் செய்த போலிக் கையெறிகுண்டும் என்பது பின்னர் தெரியவந்தது. 1978 டிசம்பர் 20 அன்று இன்னொரு இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் வாரணாசிக்குத் திருப்பப்பட்டபோது பயன்பட்டவை ஒரு பொம்மைத் துப்பாக்கியும் ஒரு கிரிக்கெட் பந்தும்.

இவ்விரு நிகழ்வுகளும் பாதுகாப்புத் துறைக்கு ஒரு பாடத்தைத் தந்தன. பொருள் உண்மையில் ஆபத்தானதா என்பது மட்டும் முக்கியமல்ல. அது ஆபத்தானதாகத் தோன்றினாலே விமானத்தைக் கைப்பற்ற அது போதும். ஆயுதம் போலத் தெரியும் விளையாட்டுப் பொருள்கள் கைப்பையில் அனுமதிக்கப்படாததற்கு அடிப்படை இதுவே. கையால் செய்த கருவியைக் கண்டு காவலர் தயங்குவதிலும் இந்தப் பாடத்தின் ஒரு பகுதி இருக்கிறது.

1976 செப்டம்பர் 10 அன்று நடந்த விமானக் கடத்தலை ஆராய அமைக்கப்பட்ட பாண்டே குழுவின் பரிந்துரைப்படி, 1978 ஜனவரியில் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தில் பாதுகாப்புக்கெனத் தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. அமெரிக்கா 1973 ஜனவரி முதலே எல்லாப் பயணிகளையும் கைப்பைகளையும் சோதிப்பதைக் கட்டாயமாக்கியிருந்தது. இரு நாடுகளிலும் அப்போது தேடப்பட்டவை கத்தியும் துப்பாக்கியும்தான். மெட்டல் டிடெக்டர் அதற்குப் போதுமானதாகக் கருதப்பட்டது.

1984 ஆகஸ்ட் 2: மீனம்பாக்கம்

இந்த நிலை 1984இல் மாறியது. அவ்வாண்டு ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கம் பன்னாட்டு விமான நிலையத்தின் சுங்கப் பகுதியில் பெட்டி வெடிகுண்டு வெடித்தது. முப்பது பேர் அளவில் இறந்தனர். இறந்தவர்களில் பலர் இலங்கைப் பயணிகள்.

பனாகொடை மகேஸ்வரன் தலைமையிலான தமிழீழ இராணுவம் என்ற குழு இதற்குப் பொறுப்பாகக் கருதப்பட்டது. கொழும்பு செல்லும் ஏர் லங்கா விமானத்தில் பெட்டிகளை ஏற்றி, அவை கட்டுநாயக்க விமான நிலையத்தில் வெடிக்கும்படி செய்வதே திட்டம். பெட்டிகளைப் பதிவு செய்தவர் விமானத்தில் ஏறவில்லை. உரியவர் இல்லாத பெட்டிகள் விமானத்தில் ஏற்றப்படாமல் நிலையத்திலேயே நின்றன. எச்சரிக்கைத் தொலைபேசி அழைப்புகள் வந்தும் பெட்டிகள் உரிய நேரத்தில் அப்புறப்படுத்தப்படவில்லை. காலக்கருவி தன் வேலையைச் செய்தது.

உரியவர் ஏறாத பெட்டியை விமானத்தில் ஏற்றாமல் நிறுத்தியது சரியான செயல். ஆனால் நிறுத்திய பெட்டியை மக்கள் இல்லாத இடத்துக்குக் கொண்டுபோகும் பழக்கப்பட்ட நடைமுறை அன்று இல்லை. அந்த இடைவெளியில்தான் உயிர்கள் போயின. பயணியும் பெட்டியும் பிரிந்தால் பெட்டியை ஐயத்துக்குரியதாகக் கருதவேண்டும் என்பதும், ஐயத்துக்குரிய பெட்டியைச் சுற்றி ஆள் இருக்கக் கூடாது என்பதும் இன்று அடிப்படை விதிகள். மீனம்பாக்கம் இவ்விரண்டின் தேவையையும் ஒரே இரவில் காட்டியது.

பின்னர் பல ஆண்டுகள் இந்திய விமான நிலையங்களில் விமானத்தின் அருகே பெட்டிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொரு பயணியும் தம் பெட்டியை அடையாளம் காட்டிய பிறகே ஏற்றும் வழக்கம் இருந்தது. அடையாளம் காட்டப்படாத பெட்டி தரையிலேயே விடப்பட்டது. மூத்த பயணிகள் பலருக்கு இது நினைவிருக்கும்.

வானொலிப் பெட்டிக்குள் குண்டு

மீனம்பாக்கத்துக்குப் பத்து மாதங்கள் கழித்து, 1985 ஜூன் 23 அன்று, ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானம் அயர்லாந்துக்கு அருகே அட்லாண்டிக் கடலின் மேல் வெடித்துச் சிதறியது. அதிலிருந்த 329 பேரும் இறந்தனர். அதே நாளில் ஜப்பானின் நரிட்டா விமான நிலையத்தில், மற்றொரு ஏர் இந்தியா விமானத்துக்கு மாற்றப்படவிருந்த பெட்டி வெடித்துப் பணியாளர் இருவர் இறந்தனர். இரண்டு பெட்டிகளும் கனடாவில் பதிவு செய்யப்பட்டவை. இங்கும் பெட்டிகளைப் பதிவு செய்தவர்கள் விமானத்தில் ஏறவில்லை.

நரிட்டாவில் கிடைத்த சிதறல்களை ஆராய்ந்தவர்கள், குண்டு ஒரு சான்யோ வானொலி ட்யூனரின் கூட்டுக்குள் வைக்கப்பட்டிருந்ததைக் கண்டறிந்தனர். அந்தத் தடயம் இந்தர்ஜித் சிங் ரேயத் என்ற கனடியரிடம் கொண்டுசென்றது. 1991இல் கனடிய நீதிமன்றம் நரிட்டா மரணங்களுக்காக அவருக்குத் தண்டனை வழங்கியது. இந்தியாவில் நீதிபதி கிர்பால் தலைமையில் விசாரணை நடந்தது. 1987 ஏப்ரல் 1 அன்று பழைய பாதுகாப்புப் பிரிவு, சிவில் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் என்ற தனித் துறையாக மாற்றப்பட்டது. இன்றும் இந்திய விமான நிலையங்களின் பாதுகாப்பு விதிகளை வகுப்பது இந்தப் பணியகமே.

1986 மே 3 அன்று கட்டுநாயக்கவில் நின்ற ஏர் லங்கா விமானத்தில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தனர். 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேல் பான் அமெரிக்கன் விமானம் தகர்ந்து, தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 270 பேர் இறந்தனர். லாக்கர்பியில் குண்டு இருந்தது ஒரு தோஷிபா வானொலிக் கேசட் ரெக்கார்டருக்குள். 2010 அக்டோபரில் ஏமனிலிருந்து சரக்காக அனுப்பப்பட்ட குண்டுகள் கணினி அச்சுப்பொறியின் மைப்பெட்டிக்குள் மறைக்கப்பட்டிருந்தன. அவை வெடிப்பதற்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டன.

இந்நிகழ்வுகளில் ஒரு பொதுத்தன்மை உண்டு. நரிட்டா, லாக்கர்பி, ஏமன் ஆகிய மூன்றிலும் குண்டு மறைந்திருந்தது கடையில் வாங்கிய, நிறுவனப் பெயர் பொறித்த கருவியின் கூட்டுக்குள். வயரும் பலகையும் வெளியே தெரியும்படி எவரும் அதை எடுத்துச் செல்லவில்லை. மறைப்பதே நோக்கமாக இருந்ததால் பார்ப்பதற்கு வழக்கமானதாகத் தோன்றும் பொருளே தேர்ந்தெடுக்கப்பட்டது. எனவே கையால் செய்த கருவி கண்ணுக்கு விசித்திரமாகத் தெரிவதால் மட்டும் ஆபத்தானதாகிவிடாது. ஆனால் கூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று திரையில் தேடப் பழகிய கண்ணுக்கு, மின்கலமும் வயரும் பலகையும் சேர்ந்த உருவமே முதல் எச்சரிக்கையாகிவிட்டது. தொழிற்சாலைக் கருவிக்கு அதன் பெயரும் மாதிரி எண்ணும் சாட்சி சொல்கின்றன. கையால் செய்த கருவிக்கு அதைச் செய்தவர் மட்டுமே சாட்சி.

எக்ஸ்ரே திரையில் தெரிவது

விமான நிலைய எக்ஸ்ரே கருவி பொருளின் வழியே இருவேறு ஆற்றல் கொண்ட கதிர்களைச் செலுத்தி, அவை எவ்வளவு உறிஞ்சப்படுகின்றன என்பதை ஒப்பிடுகிறது. அதைக் கொண்டு பொருள்களை நிறம் பிரித்துக் காட்டுகிறது. உணவு, துணி, காகிதம், பிளாஸ்டிக் போன்ற கரிமப் பொருள்கள் ஆரஞ்சு நிறத்திலும், உலோகங்கள் நீல நிறத்திலும், இடைப்பட்டவை பச்சை நிறத்திலும் தெரிகின்றன.

வெடிமருந்துகள் பெரும்பாலும் கரிமப் பொருள்கள் என்பதால் அவையும் ஆரஞ்சு நிறத்திலேயே தெரியும். அடர்த்தியான மைசூர்பாகுப் பெட்டியோ மெழுகுக் கட்டியோ சோப்போ திரையில் அதே நிறத்தில் தோன்றும். இனிப்புப் பெட்டியின் மேல் மின்சுற்றுப் பலகையையும் மின்கலத்தையும் வைத்துக் கட்டினால், குண்டுக்குத் தேவையான மின்கலம், சுற்று, அடர்ந்த கரிமப் பொருள் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் இருப்பதாகத் திரை காட்டும். பையைத் திறந்து பார்க்காமல் காவலர் அதை விட முடியாது. சந்தேகம் தீராவிட்டால் பொருளின் மேல் துணித்துண்டைத் தேய்த்து, வெடிமருந்துத் துகள் உள்ளதா என்று கருவியில் சோதிக்கின்றனர்.

1999 டிசம்பரில் ஐ.சி. 814 விமானம் காந்தகாருக்குக் கடத்தப்பட்ட பிறகு, விமான நிலையக் காவல் மாநிலக் காவல்துறைகளிடமிருந்து மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படைக்குப் படிப்படியாக மாற்றப்பட்டது. 2000 பிப்ரவரி 3 அன்று ஜெய்ப்பூரில் இது தொடங்கியது. இப்போது மீனம்பாக்கத்தில் பயணியைச் சோதிப்பதும் இந்தப் படையினரே.

பாஸ்டனிலும் மங்களூரிலும்

2007 செப்டம்பர் 21 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் லோகன் விமான நிலையத்தில் எம்.ஐ.டி. மாணவி ஒருவர் துப்பாக்கி முனையில் கைது செய்யப்பட்டார். நண்பரை வரவேற்க வந்த அவருடைய சட்டையில் ஒளியுமிழ் விளக்குகள் பொருத்திய பலகையும் 9 வோல்ட் மின்கலமும் இருந்தன. கையில் விளையாட்டுக் களிமண் இருந்தது. அது அவரே செய்த அலங்காரம். போலிக் குண்டு வைத்திருந்ததாகத் தொடரப்பட்ட குற்றச்சாட்டு அடுத்த ஆண்டு கைவிடப்பட்டது. ஆயினும் அவர் பொதுச்சேவை செய்யவும் மன்னிப்புக் கேட்கவும் நேர்ந்தது.

மறுபுறம், 2020 ஜனவரி 20 அன்று மங்களூரு விமான நிலைய வாயிலில் ஆளில்லாப் பை ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அதில் இருந்தது உண்மையான வெடிபொருள். அது திறந்த வெளிக்குக் கொண்டுசெல்லப்பட்டு வெடிக்கச் செய்யப்பட்டது, எவருக்கும் காயமில்லை. இரண்டு நாள் கழித்துச் சரணடைந்தவர் பொறியியல் படித்தவர். கருவியை அவரே செய்திருந்தார்.

இரு நிகழ்வுகளிலும் கருவியைச் செய்தவர் மின்னணுவியல் அறிந்த ஒரு தனிநபர். ஒன்றில் எந்தத் தீங்கும் இல்லை. மற்றொன்றில் தீங்கே நோக்கம். கைவேலை என்பது மட்டும் இரண்டையும் பிரித்துக் காட்டாது. மங்களூரில் காவலர்களை எச்சரித்தது உரியவர் இல்லாத பை. 1984இல் மீனம்பாக்கத்தில் செய்யத் தவறியதை 2020இல் மங்களூரில் செய்ய முடிந்தது.

ஒன்பது வோல்ட் மின்கலம்

தமிழ்நாட்டில் சாதாரண மின்னணுப் பொருள் ஒன்று நீண்ட சட்டப் போராட்டத்தின் மையமானதும் உண்டு. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட வழக்கில், ஜோலார்பேட்டையைச் சேர்ந்த பேரறிவாளன் கைதானபோது அவருக்கு வயது 19. மின்னணுவியல் பட்டயப் படிப்பு படித்திருந்த அவர், குண்டில் பயன்பட்ட இரண்டு 9 வோல்ட் மின்கலங்களை வாங்கிக் கொடுத்தார் என்பது அவர்மீதான முக்கியக் குற்றச்சாட்டுகளில் ஒன்று. 1999இல் உச்ச நீதிமன்றம் அவருடைய மரண தண்டனையை உறுதி செய்தது. மின்கலங்கள் எதற்கு என்று தமக்குத் தெரியாது என அவர் கூறியதைத் தாம் வாக்குமூலத்தில் பதிவு செய்யவில்லை என்று, அதைப் பதிவு செய்த முன்னாள் சி.பி.ஐ. அதிகாரி 2013இல் வெளிப்படையாகக் கூறினார். 2014இல் மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அரசியலமைப்பின் 142ஆம் பிரிவின்கீழ் அவரை விடுவித்தது.

இவ்வழக்கு விமான நிலையம் சார்ந்ததன்று. ஆனால் எந்த மின்பொருள் கடையிலும் கிடைக்கும் ஒரு மின்கலத்தின் பொருள், அதை வாங்கியவர் என்ன அறிந்திருந்தார் என்பதைப் பொறுத்து எவ்வளவு மாறும் என்பதற்குத் தமிழகம் அறிந்த எடுத்துக்காட்டு இதுவே.

மின்கலமும் ஒலிபரப்பியும்

இன்று கையால் செய்த கருவிகள் தடுக்கப்படுவதற்கு வெடிகுண்டு அச்சம் மட்டும் காரணமன்று. லித்தியம் மின்கலம் சேதமடைந்தாலோ குறுக்குச் சுற்று ஏற்பட்டாலோ தானே சூடேறித் தீப்பிடிக்கும். 2010 செப்டம்பர் 3 அன்று துபாயில் யு.பி.எஸ். சரக்கு விமானம் ஒன்று, லித்தியம் மின்கலச் சரக்கு இருந்த பகுதியில் மூண்ட தீயால் விழுந்து விமானிகள் இருவரும் இறந்தனர். தனி மின்கலங்களும் பவர் பேங்குகளும் கைப்பையில் மட்டுமே செல்ல வேண்டும் என்ற பன்னாட்டு விதிக்குக் காரணம் தீயச்சம்தான். பயணிகள் அறையில் தீப்பற்றினால் அணைக்க ஆள் இருக்கிறார்கள், சரக்கறையில் இல்லை.

பொதுவாக 100 வாட் மணி வரை அனுமதி உண்டு. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் தேவை. வோல்ட் அளவை ஆம்பியர் மணியால் பெருக்கினால் வாட் மணி கிடைக்கும். 3.7 வோல்ட், 2.6 ஆம்பியர் மணி கொண்ட ஒரு செல் ஏறத்தாழ 9.6 வாட் மணி. இவ்வகையில் நான்கு செல்களால் செய்த பவர் பேங்க் 40 வாட் மணிக்கும் குறைவு. ஆயினும் அதன்மேல் அளவு அச்சிடப்படவில்லை என்றால் காவலருக்கு அதை அறிய வழியில்லை. வீட்டில் செய்த பவர் பேங்குகள் பறிமுதலாவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

மற்றொன்று வானொலிச் சட்டம். 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டமும் 1933ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் உரிமம் இல்லாமல் ஒலிபரப்பும் கருவி வைத்திருப்பதைக் குற்றமாக்கின. அவற்றின் இடத்தைப் பெறும் வகையில் 2023இல் தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டது. வைஃபை, புளூடூத் போன்றவை இயங்கும் சில அலைவரிசைகளுக்கு விலக்கு உண்டு. அனுமதியற்ற செயற்கைக்கோள் தொலைபேசிக்கு விலக்கு இல்லை. மலையேற்றத்துக்குப் பயன்படும் செயற்கைக்கோள் செய்திக் கருவியுடன் வந்து இந்திய விமான நிலையங்களில் பிடிபட்ட வெளிநாட்டவர் பலர். திருவண்ணாமலைக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகளுக்கும் இது பொருந்தும்.

நடைமுறையில் உள்ள வழிகள்

கருவி இயங்குவதைக் காட்டச் சொல்வது பழைய வழக்கம். 2014 ஜூலையில் அமெரிக்கா, தன் நாட்டுக்கு விமானம் புறப்படும் சில வெளிநாட்டு நிலையங்களில் இயக்கிக் காட்ட முடியாத மின்னணுக் கருவிகளுக்கு அனுமதி மறுத்தது. கையால் செய்த கருவிக்கும் இதே அளவுகோல் உதவுகிறது. என்ன செய்கிறது என்று ஒரு நிமிடத்தில் காட்டக்கூடிய கருவி எளிதில் கடந்துவிடுகிறது.

மாணவர்களும் கண்காட்சிக் குழுக்களும் பின்பற்றும் முறைகள் சில உண்டு. கருவியை ஒளியூடுருவும் பெட்டியில் வைத்துக் கைப்பையில் எடுத்துச் செல்கின்றனர். மின்கலத்தைக் கழற்றி, முனைகளை மூடித் தனியே வைக்கின்றனர். பெட்டியின் மேல் கருவியின் பெயரும் கல்லூரிப் பெயரும் மின்கல அளவும் எழுதிய சீட்டு ஒட்டுகின்றனர். கல்லூரி முதல்வரின் கடிதத்தையும் சுற்று வரைபடத்தையும் உடன் வைக்கின்றனர். எக்ஸ்ரே தட்டில் வைப்பதற்கு முன்பே காவலரிடம் சொல்லிவிடுகின்றனர். உணவுப் பொருள்களை வேறு பையில் வைக்கின்றனர். சால்டரிங் இரும்பு, திருப்புளி போன்றவற்றைப் பதிவுப் பெட்டியில் அனுப்புகின்றனர். விலை மிகுந்த கருவியை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருபவர்கள், திரும்பும்போது தீர்வை கேட்கப்படாமலிருக்கப் புறப்படும் முன்பே சுங்கத்துறையிடம் ஏற்றுமதிச் சான்று பெறலாம். குண்டு என்ற சொல்லை வேடிக்கைக்கும் பயன்படுத்தக் கூடாது. அதற்காகவே பயணம் இழந்தவர்களும் கைதானவர்களும் உண்டு. இவற்றையெல்லாம் செய்தாலும் இறுதி முடிவு சோதனையிடும் அதிகாரியுடையதே.

இன்றைய நிலை

சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு நுண்கட்டுப்படுத்திப் பலகை கிடைக்கும் காலம் இது. 2016 முதல் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் பள்ளி மாணவர்களையே கருவி செய்பவர்களாக்கி வருகின்றன. 2017 ஜூன் 22 அன்று, கரூர் மாவட்டம் பள்ளப்பட்டியைச் சேர்ந்த ரிபாத் சாரூக்கின் குழு உருவாக்கிய 64 கிராம் எடையுள்ள 'கலாம்சாட்' அமெரிக்காவின் வாலப்ஸ் தளத்திலிருந்து ஏவப்பட்டது. சிற்றூரில் செய்யப்பட்ட கருவி எல்லை கடப்பது இனி அரிதான செய்தி அன்று.

விமான நிலைய விதிகள் இறந்தவர்களின் கணக்கிலிருந்து எழுதப்பட்டவை. மீனம்பாக்கத்தில் அந்த இரவு இறந்தவர்களுக்கும் கனிஷ்காவில் இறந்தவர்களுக்கும் அந்தப் பெட்டிகளுக்குள் என்ன இருந்தது என்று தெரியாது. காவலரின் ஐயம் அங்கிருந்து வருகிறது. மாணவரின் பலகை அந்த வரலாற்றில் பங்கில்லாதது என்றாலும் அதன் வழியாகவே கடக்க வேண்டியிருக்கிறது. கையால் செய்த கருவிகளை முன்கூட்டியே பதிவு செய்ய விமான நிலையங்களில் எளிய ஏற்பாடு பரவலாகும் வரை, அவற்றுக்காகப் பேச வேண்டியவர் அவற்றைச் செய்தவரே.